சேலம் எத்தனை மணி நேரம்?

திருநெல்வேலியில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு விமானம் என்றால் வாகைக்குளம்தான். தூத்துக்குடி சாலையில், வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி, சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். சேலத்துக்காரர்களுக்கும் இதே கதை. அவர்களுடைய விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது.

வரைபடத்தில் பாருங்கள். வாகைக்குளத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே காமலாபுரம். நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். ஏடிஆர் வகைச் சின்ன விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏற, இறங்க ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரப் பயணம்.

ஆனால் அப்படி ஒரு நேரடி விமானம் இல்லை. சென்னை போய் மாற வேண்டும். வாகைக்குளம் - சென்னை 525, சென்னை - சேலம் 265. ஆக, 790 கிலோமீட்டர்!

எனக்கு ஏன் இந்தக் கணக்கு? என் மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தம் பேசும்போதே என் மாமியார் கேட்டார்: “ஏளா, இம்புட்டுத் தொலைவுல கொடுக்கியே, ஒரு நல்லது கெட்டதுன்னா பிள்ளை எப்பிடி வந்து சேருவா?”

அந்தக் கெட்டது அவருக்கே வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை நாலு மணிக்கு மாமியார் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சேலத்துக்காரி எப்ப வருவா?” பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டுமே! விமானத்தில் சென்னை சுற்றி வந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ரயிலோ ராத்திரிதான். மருமகன் ஐந்து மணிக்குக் காரை எடுத்தார். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. பெரியவர்கள் அதுவரை எடுக்காமல் காத்திருந்தார்கள்.

நேரடி விமானம் இருந்திருந்தால்? வீட்டிலிருந்து காமலாபுரம் அரை மணி, அங்கே காத்திருப்பு ஒரு மணி, பறப்பது ஒரு மணி, வாகைக்குளத்திலிருந்து வீடு முக்கால் மணி. மூன்றேகால் மணி நேரம். காரில் ஆனதில் பாதிகூட இல்லை. ஆனால், நாளுக்கு ஒரு விமானம் என்றால் அது நம் அவசரத்துக்கு வராது என்பதும் உண்மை.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், நேரம் இரண்டு நிமிடம்! நடுவில் கடல் இருக்கிறது. நமக்கு நடுவில் நாற்கரச் சாலை இருக்கிறது. எழுபது இருக்கைகள் தினமும் நிரம்புமா என்றுதான் விமான நிறுவனம் பார்க்கும்.

ஆனாலும் ஆசை விடவில்லை. சின்ன ஊர்களை இணைக்க 2017-ல் உதான் திட்டத்தில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. ஒருநாள் தெற்கும் மேற்கும் நேராகச் சேராதா?

மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். ராத்திரி சேலத்தில் நாகர்கோவில் ரயில் ஏறினால் காலையில் நெல்லை. கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறோம்.