எருக்கங்காய்க் கலம்

புதுச்சேரியில் நண்பர் ஒருவர் தோலில் கலங்கள் செய்கிறார். வெடிக்கக் காத்திருக்கும் எருக்கங்காய் போல ஒன்று, வாய் சுருங்கிய சங்கு போல ஒன்று, மழைக்கு முளைத்துக் கவிழ்ந்த காளான் போல ஒன்று. முதன்முதலாக அவர் பட்டறைக்குப் போனபோது எருக்கங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி 'டொக்'கென்றது.

"தோல்தானா இது?"

"மோந்து பாருங்க."

கமலைக் கிணற்று மேட்டின் வாசனை.

வித்தை ரொம்பப் பழசு. நனைத்த தோலை மர அச்சின் மேல் இழுத்து, ஆணியடித்துக் காயவிட்டு, வெந்நீர் காட்டி இறுக்குவது. ஐரோப்பியர் இப்படிக் கவசம் செய்தார்கள். இங்கிலாந்தில் உள்ளே கீல் பூசிய 'பிளாக்ஜாக்' என்ற தோல் ஜாடியில் பீர் குடித்தார்கள். லண்டனில் சைமன் ஹாசன் என்ற வடிவமைப்பாளர் நம் காலத்தில் அதே முறையில் பூச்சாடிகள் செய்தார்.

ஆனால் எல்லாத் தோலும் இதற்குப் படியாது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது குரோம் உப்பில் பதனிட்டது. கொதிநீரையும் தாங்கும், அச்சிலிருந்து எடுத்தால் பழையபடி தொய்ந்துவிடும். மரப்பட்டையில் ஊறிய தோல்தான் ஈரத்தில் இளகி, காய்ந்தால் அப்படியே நிற்கும். பட்டையின் துவர்ப்பு தோலின் நாரோடு நாராகப் பிணைந்துவிடுவதால் வரும் குணம் அது. நம் பக்கத்தில் அந்தத் துவர்ப்பு ஆவாரம்பட்டையிலிருந்து வந்தது; பிறகு வாட்டில் பட்டையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுத் தோல்கள் இப்படிப் பதமாகி 'ஈ.ஐ.' என்ற பெயரில் கப்பலேறின. ஈஸ்ட் இந்தியாவின் சுருக்கம் அது. அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நானும் அந்தத் தோலில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். சுரைக்குடுக்கையில் இழுத்துக் கட்டி, இரண்டு நாள் காயவைத்து, தளதளவென்று கொதிக்கிற பாத்திரத்தில் முக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் சுருண்டுபோனது. வெளியே எடுத்தபோது சுண்டைக்காய் வற்றலுக்குத் தம்பி. நண்பரிடம் காட்டினேன்.

"ரசம் வைக்கத் தெரியாதா சார்? நுரை கட்டும்போதே இறக்கிடணும்."

அந்த ஒரு பதம் பிடிபட அவருக்கு மூன்று வருஷம் ஆனதாம். உள்ளே தேன்மெழுகு பூசிவிடுவதால் கலத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. வெந்நீர் ஊற்றினால் மெழுகு இளகிவிடும்.

அவருடைய கண்காட்சிக்கு வந்த ஒருவர், "தோலில் பாத்திரமா! நமக்கு இதெல்லாம் புதுசு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்க் கமலையில் இரும்புச் சாலின் அடியில் தோல் வால் ஒன்று யானைத் துதிக்கை போலத் தொங்கும். மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலேறும்; வால் தொட்டியில் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். வருஷம் முழுக்க ஊர் தின்ற நெல் தோல் வழியாக வந்த தண்ணீரில் விளைந்ததுதான். அந்த வால் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஒருவர் வருவார். களத்து ஓரமாகவே உட்கார்ந்து தைப்பார். கிணற்றுக்கட்டில் அவர் கால் பட்டு நான் பார்த்ததில்லை. தாகமெடுத்தால் யாராவது கையில் ஊற்ற வேண்டும். வயதில் மூத்தவர்தான், அப்பா "அவனை வரச்சொல்லு" என்பார். அதனால் அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

எருக்கங்காய்க் கலத்தை நான் வாங்கிவிட்டேன். விலை கொஞ்சம் அதிகம்தான், வேலைப்பாட்டுக்குத் தகும். அடியில் நண்பரின் பெயர் முத்திரையாகக் குத்தியிருக்கிறது. தோல் திண்டுக்கல்லில் பதமானது. பதனிட்டவர் பெயரையும் பக்கத்தில் குத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். இன்னும் செய்யவில்லை.