குன்றின் உச்சியில் ஒரு புள்ளி, கொல்லையில் ஒரு கல்



ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகன், வார விடுமுறை வந்துவிட்டால் கைப்பேசியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏதாவதொரு குன்றைத் தேடிப் புறப்பட்டுவிடுவான். இரவு ஷிப்ட் முடித்து வந்த பிள்ளை உறங்காமல் வெயிலில் பாறை ஏறுவானேன் என்று அவன் தாயாருக்கு மனக்குறை. எனக்கும் இருந்தது. வீண் வேலை என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். "ஒரு தடவ கூட வாங்கத்தா, அப்புறம் திட்டுங்க" என்றான். போனேன்.

அவன் ஈடுபட்டிருப்பது ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் வழிகாட்டியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் முழுமையாகத் திறந்துவிட்டது. மறுநாளே ஒருவர் காட்டில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நம் பக்கம் ஒளித்து வைக்கப்பட்ட பெட்டிகள் குறைவு. ஆகவே என் மகன் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நோக்கத்துக்காக மலையுச்சிகளில் வைக்கப்பட்ட நில அளவைக் குறிகளைத் தேடத் தொடங்கியிருந்தான்.

முதல் பயணம் தோல்வி. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளில் ஒரு சிறு முக்கோணமும், அதன் நடுவே புள்ளியும், பக்கத்தில் உயரமும் இருந்தன. அந்த இடத்தின் அளவைக் கைப்பேசியில் இட்டுப் போய் நின்றால் வெறும் புதர். முள்ளில் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். பழைய தாள்கள், பூமியின் வடிவம் இன்னது என்று எவரெஸ்ட் 1830இல் வகுத்த கணக்கின்மேல் வரையப்பட்டவை. கைப்பேசி வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் இடையே நம் வட்டாரத்தில் நூறு, இருநூறு மீட்டர் விலகிவிடும். அடுத்த வாரம் அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் சென்றோம்.

சூளகிரிக்கு அப்பால் உள்ள மொட்டைப் பாறைக் குன்று அது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பாறையில் வட்டம் வெட்டியிருந்தால் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பிக் கடப்பாரையோடு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தப்பவிட்டதைக் கிரானைட் குவாரி எடுத்துக்கொள்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குன்றே காணாமற்போவது புதுமை இல்லை.

உச்சியில் கலைந்து கிடந்த கற்குவியலை ஒதுக்கி, மகன் பாட்டில் தண்ணீரைப் பாறையில் ஊற்றினான். புழுதி கரைந்ததும் உள்ளங்கையளவு வட்டமும், நடுவில் விரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு குழியும் தெரிந்தன. அவ்வளவுதான். யார், எந்த ஆண்டு வெட்டியது என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை.

78ஆம் தீர்க்கரேகை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, சூளகிரியை ஒட்டிச் செல்கிறது. ஓசூர் ஒரு வரைபடத் தாளிலும் கிருஷ்ணகிரி அடுத்த தாளிலும் இருப்பது இதனால்தான். குமரிமுனையிலிருந்து இமயம் வரை பூமியின் வளைவை அளந்த பெரும் அளவைத் தொடர் இந்த ரேகையை ஒட்டியே நடந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதான பிறகு, அந்தப் போரில் கலந்துகொண்ட வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி இந்தத் திட்டத்தை முன்வைத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்துவிட்டால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் நடக்காமலே கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. இதற்கு உச்சிக்கு உச்சி பார்வை எட்ட வேண்டும். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. அதைச் சுமந்து ஏறியவர்கள் கலாசிகள். லாம்டனின் பெயர் நூல்களில் இருக்கிறது. கலாசிகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

திப்புவின் மண்ணைப் பிடித்தவர்கள் அதை அளந்ததில் நாம் பூரிக்க என்ன இருக்கிறது என்று மகனிடம் கேட்டேன். அவன் ஒரு பெயரைச் சொன்னான்: சையித் மீர் முஹ்சின் ஹுசைன். ஆற்காட்டுக்காரர். சென்னையில் ஒரு கடையில் நுண்வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அளவைத் துறையினர் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் விலகியபின், அளவைக் கருவிகளைச் செய்யும் பொறுப்பை 1840களில் எவரெஸ்ட் இவரிடம் ஒப்படைத்தார். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எவரெஸ்ட்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிகரத்தின் பெயர் தெரியும், ஆற்காட்டு முஹ்சினைத் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

அஸர் நேரமாகிவிட்டது. பாறைமேல் துண்டை விரித்தோம். என் அத்தா காலத்தில் கொல்லையில் தொழ நேர்ந்தால் சூரியன் சாயும் பக்கம் நேராக நிற்பார்கள். மகன் கணக்குப் பார்த்துச் சொன்னான், இங்கிருந்து கிப்லா நேர்மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 19 பாகை. துண்டைச் சற்றுத் திருப்பிப் போட்டேன்.

தொழுது முடித்து இறங்கும்போதுதான் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "இருநூறு வருசமா இந்தக் கல்லு நகரல. நம்ம கொல்லைக் கல்லு எங்கத்தா இருக்கு? நான் பாத்ததே இல்லையே?"

எனக்கு வாய் எழவில்லை.

எங்கள் கொல்லையின் வடகிழக்கு மூலைக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே இருந்தது என்பதும் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அத்தா கடப்பாரையோடு கிளம்பினார். விளக்குப் பிடிக்க என்னை அழைத்துச் சென்றார். கல்லைப் பெயர்த்து, பக்கத்துக் கொல்லைக்குள் நான்கடி தள்ளி நட்டு, மேலே மண் மூடினார். "பழைய இடத்துலதான் வெக்கிறேன்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அன்று அது கேழ்வரகு விளையும் மானாவாரி மண், நான்கடி ஒரு பொருட்டில்லை. இன்று சாலைக்கு இந்தப் பக்கம் தொழிற்சாலை, அந்தப் பக்கம் மனைப்பிரிவு. சதுர அடிக்கு விலை சொல்கிறார்கள். முந்நூறு அடி நீள எல்லையில் ஒரு முனை நான்கடி நகர்ந்தால் உண்டாகும் முக்கோணம் 600 சதுர அடி, ஒன்றரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு.

நிலத்தின் எல்லை அடையாளங்களை மாற்றுகிறவர் அல்லாஹ்வின் சாபத்துக்கு உரியவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அலீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகளின் ஆழம்வரை அது கழுத்தில் மாலையாக்கப்படும் என்ற ஹதீஸை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டுத் தலையசைத்திருக்கிறேன். அத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்காகத் துஆ செய்யாத நாள் இல்லை. விளக்குப் பிடித்த கை என்னுடையது என்பதை மட்டும் எந்தத் துஆவிலும் நான் சொன்னதில்லை.

அண்ணனிடம் சொன்னேன். கொல்லையை மனை போட்டு விற்க அவர் முன்பணம் வாங்கியிருந்தார். "செத்தவர கபுர்ல இருந்து இழுத்து வந்து திருடன்னு சொல்லப் போறியா?" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சில நாள் தூக்கம் வரவில்லை.

பக்கத்துக் கொல்லைக்காரர் எழுபதைத் தாண்டியவர். சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "உங்க அப்பா நகத்தினது எனக்குத் தெரியும் பாய். அதுக்கு முன்னாடி எங்க அண்ணன் அந்தக் கல்ல உங்க பக்கம் தள்ளினதும் தெரியும். எவ்வளவுன்னுதான் தெரியாது" என்றார்.

ஆக, அத்தா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாரா, பாதி உண்மையையா? வீட்டில் உட்கார்ந்து யோசித்து விடை காணும் கேள்வி அல்ல இது. நில அளவைக்குக் கட்டணம் கட்டி இருவரும் சேர்ந்தே மனுக் கொடுத்தோம்.

சில வாரங்கள் கழித்து சர்வேயர் புல வரைபடத்தோடு வந்தார். மாறாமல் நின்ற இரண்டு கற்களைப் பிடித்துக்கொண்டு அளந்தார். டேப்பின் ஒரு முனையை என் மகனும் மறுமுனையைப் பெரியவரின் பேரனும் பிடித்தார்கள். மூலைக்கல்லின் உண்மையான இடம், இப்போதைய கல்லிலிருந்து எங்கள் பக்கம் இரண்டரை அடி தள்ளி இருந்தது. அத்தா நகர்த்திய நான்கடியில் ஒன்றரை அடி நியாயம், மீதி இல்லை.

பெரியவர் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "இரண்டரை அடிக்கா இத்தன பாடு" என்றார். பிறகு கல்லை நடுவதற்கு அவரே குழியைச் சமன் செய்தார். நான் கல்லை நிமிர்த்திப் பிடித்தேன், அதே கடப்பாரையால் மகன் மண்ணை இறுக்கினான். கைப்பேசியை அதன் தலையில் சற்று நேரம் வைத்து, இடத்தின் அளவைக் குறித்துக்கொண்டான்.

அண்ணன் அன்று வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் பங்கு இறைச்சியை மகனிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணி வாங்கிக்கொண்டார்களாம். அவர் உள்ளே இருந்தாராம்.