ஒரே திரை, இரண்டு தீர்ப்பு

தேர்தல் நேரத்தில் ஸ்ரீரங்கம் டீக்கடைகளில் தொலைக்காட்சி விவாதம் முடியுமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. “நம்மாளு கிழிச்சுட்டாருண்ணே!” என்பார் ஒருவர். “கேட்டதுக்குப் பதிலே சொல்லலையேப்பா!” என்பார் பக்கத்திலிருப்பவர். இருவரும் பார்த்தது ஒரே திரை.

2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானபோது அந்தத் திரையும் இரண்டானது. திமுக சார்பான சன் டிவி காட்டியது ஒன்று, அதிமுக சார்பான ஜெயா டிவி காட்டியது வேறு.

ஜெயலலிதாவும் கருணாநிதியும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்ததே இல்லை. வாக்காளருக்கு அது பெரிய இழப்பு.

இரு தரப்பையும் கேட்ட காலமும் உண்டு. ஸ்ரீரங்கம் இருக்கும் இதே திருச்சியில்தான் 1956 மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்று வந்திருந்தவர்களிடமே வாக்கெடுத்தது திமுக. ஆதரவு 56,942. வேண்டாம் என்ற 4,203 வாக்குகளையும் எண்ணிச் சொன்னார்கள்.