முந்நீர் கடந்த ஆறு நாள்

எங்கள் கிராமத்தில் ‘வெளிநாடு’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மகனை அனுப்புவதற்காகக் காணியை ஈடுவைப்பது ஒரு பொருள். கணவனைப் பாலைவன நாட்டுக்கு வழியனுப்பிவிட்டு மாத முடிவில் வங்கி வாசலிற் காத்திருப்பது மற்றொரு பொருள். நள்ளிரவில் வள்ளமேறி, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்வதும் அச்சொல்லின் பொருளே. இளைப்பாறுவதற்காகவும் ஒருவர் வெளிநாடு செல்லலாம் என்னும் பொருள் மட்டும் அச்சொல்லுக்கு எங்கள் ஊரில் ஏற்பட்டதில்லை. உல்லாசப் பயணம் என்பது வெள்ளைக்காரர் எங்கள் நாட்டுக்கு வந்து செய்வது என்றே நாங்கள் எண்ணி வந்தோம்.

சென்ற 2025ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் என் பெற்றோர் இருவரும் ஆறு நாட்கள் தமிழகம் சென்று வந்தனர். அவர்கள் ஒருங்கே மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம் அது. அதனை ஏற்பாடு செய்தவர்களுள் நானும் ஒருத்தி. நாங்கள் ஏற்பாடு செய்தது ஒன்று. அவர்கள் சென்று வந்தது வேறொன்று. அந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. அச்சூத்திரத்துக்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர் தம்முள் வேறுபடுவர். முதலாம் ஆண்டில் விரிவுரை மண்டபத்தில் அதனைக் கேட்டபோது, பழங்காலத்து வழக்கொன்றைப் பற்றிய செய்தியாகவே குறித்துக்கொண்டேன். அது எங்கள் வீட்டின் வரலாறு என்பது பின்னரே எனக்கு உறைத்தது.

அம்மா தம் பதினாறாவது வயதிற் கடல் கடந்தவர். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கிலிருந்த வீட்டை விட்டு வெளியேறி, மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து மீன்பிடி வள்ளமொன்றில் பெற்றோருடன் இராமேசுவரம் சேர்ந்தார். மண்டபம் முகாமிலும் பின்னர் வேறொரு முகாமிலுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு 1992இல் ஊர் திரும்பினார். அப்பா கடல் கடந்தது 2003இல். அப்போது எனக்கு ஒரு வயது. கட்டார் நாட்டிற் பதினொரு ஆண்டுகள் உழைத்து 2014இல் மீண்டார். இடையில் அவர் விடுமுறையில் வந்தது மூன்று தடவைகள். ஒருவர் கடந்த கடலை மற்றவர் கண்டதில்லை.

அவர்கள் மணம் முடித்தது 1996இன் பிற்பகுதியில், இடம்பெயர்ந்தோர் தென்மராட்சியிலிருந்து திரும்பிவந்து கூரைகளைச் சீர்செய்துகொண்டிருந்த காலத்தில். ஒரே அறையுள்ள வீட்டில் அப்பாவின் தாயாரும் உடனிருந்தார். பின்னர் அக்கா பிறந்தாள், நான் பிறந்தேன், அப்பா சென்றார். அவர் திரும்பிய காலத்தில் அப்பாச்சி படுக்கையில் விழுந்தார். 2022இல் அவர் காலமாகும் வரை வீட்டில் எவரும் இரவு முழுவதும் உறங்கியதில்லை. ஒருநாள் அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: “அம்மாவும் அப்பாவும் தனிய ஒரு கிழமை இருந்ததே இல்லையடி.”

அக்கா ஆசிரியராக நியமனம் பெற்றிருந்தாள். அவளுடைய சம்பளத்தில் ஒரு பகுதியும், எனது மகாபொலப் புலமைப்பரிசிலில் எஞ்சியதும் சேர்ந்தன. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பற் சேவை 2023 ஐப்பசியில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆவணியில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டும் ஆரம்பித்திருந்தது. ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம். எங்கள் வீட்டிலிருந்து கொழும்பு செல்வதற்கு அதனிலும் இரு மடங்கு நேரம் வேண்டும்.

அம்மா உடன்படவில்லை. “என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? ஆட்டை ஆர் பாக்கிறது? இந்த வயதிலை ஊர் சுத்தினால் சனம் சிரிக்காதோ?” என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர் மீண்டும் பயணம் என்ற பேச்சை எடுக்கவே கூச்சப்பட்டார் போலும். ஈற்றில் அக்காவே உபாயம் கண்டாள். அதனை யாத்திரையாக மாற்றினாள். “கோயிலுக்கு எண்டால் வாறன், சும்மா திரிய எண்டால் நான் வரேல்லை” என்று அம்மா இறங்கி வந்தார்.

இவ்வாறு இறங்கி வருதல் எங்கள் மரபுக்குப் புதிதன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பின்னர் எங்கள் முன்னோர் பலர் அவ்வழியே தமிழகம் சென்றனர். சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் மடங்கள் அமைத்தனர். நாவலர் 1864இல் அங்கு பாடசாலை நிறுவினார். பக்தியின் பெயராலும் கல்வியின் பெயராலும் வணிகத்தின் பெயராலும் அவர்கள் சென்றார்கள். களைப்பாறப் போகிறோம் என்று அவர்களுள் எவரேனும் வீட்டிற் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருப்பாரோ என்பது ஐயமே.

நானும் அக்காவும் அமர்ந்து ஒரு நிரல் தயாரித்தோம். ஆறு நாட்களிற் பத்துக் கோயில்கள். நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், பேருந்து புறப்படும் நேரம், தங்குமிடம் யாவும் அதில் அடங்கின. பரீட்சை நேரசூசி போன்ற அத்தாளை நான் நான்காக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தேன்.

காங்கேசன்துறை இறங்குதுறையில் அவர்களை வழியனுப்பியது நன்கு நினைவிருக்கிறது. அம்மாவின் பொதியில் மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், பனங்கட்டி யாவும் இருந்தன. “அங்கை கடை இல்லையோ?” என்று அப்பா கேட்டார். “போன முறை ஒண்டும் கொண்டு போகேல்லை” என்றார் அம்மா. அந்தப் போன முறை 1990 என்பது எல்லோருக்கும் விளங்கியது. அப்பா அதன்பின் எதுவும் சொல்லாமல் அப்பொதியைத் தாமே தூக்கிக்கொண்டார்.

முதல் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தோம். நாகபட்டினத்தில் இறங்கித் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மாலை அழைத்தபோது அவர்கள் பெரிய கோயிலில் இருந்தார்கள். நிரலின்படி அந்நேரம் அவர்கள் கும்பகோணத்தில் இருந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். அவர்கள் கோயிலை அடைந்தபோது நண்பகல், நடை சாத்தியிருந்தது. பங்குனி வெயிலிற் கற்றளம் கொதித்தது. நிழல் கண்ட இடத்தில் அமர்ந்தார்கள். மாலை நடை திறந்தது, தரிசனம் முடிந்தது. மீண்டும் வந்து புற்றரையில் அமர்ந்தார்கள். 1010இல் இராசராசன் கட்டி முடித்த அவ்விமானத்தில் மாலை வெளிச்சம் பொன்னிறமாகிப் பின் மங்கும்வரை எழுந்திருக்கவில்லை. “கும்பகோணம் போகேல்லையோ?” என்று அக்கா பதறினாள். “இல்லைப் பிள்ளை, சும்மா இருக்கிறம்” என்றார் அம்மா. அவர் வாயிலிருந்து அச்சொற்களை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அங்கிருந்தவாறே அப்பா அடித்தளக் கல்வெட்டுகளைப் பற்றி வழிகாட்டி ஒருவர் வேறு சிலருக்குச் சொன்னவற்றைக் கேட்டுவந்து அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அரசன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். கோயிலிற் பணிபுரிந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவரவர் வீடுகள் இருந்த தெருக்களும் அங்கே எழுதப்பட்டுள்ளன. அம்மா கேட்டுவிட்டு, “அப்ப அவையும் கணக்குக் கொப்பி வைச்சிருந்தவை” என்றாராம்.

அம்மாவிடம் கணக்குக் கொப்பி ஒன்று உண்டு. அப்பா கட்டாரிலிருந்து பணம் அனுப்பிய காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. வந்த பணம் இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, அப்பாச்சியின் மருந்துக்கு இவ்வளவு, ஈடு மீட்க ஒதுக்கியது இவ்வளவு என்று ஒரு சதமும் தவறாமல் எழுதுவார். அதன் பிரதியொன்று மாதந்தோறும் கடிதத்திற் செல்லும். அவர்களது பதினொரு ஆண்டு இல்லறம் பெரும்பாலும் அக்கொப்பியில் நடந்தது. இப்பயணத்துக்கும் புதிதாக ஒரு கொப்பி கொண்டு சென்றிருந்தார்.

நான்காம் நாள் இராமேசுவரம் சென்றனர். பழைய பாம்பன் புகையிரதப் பாலம் 2022 மார்கழியில் மூடப்பட்டதால் அக்காலத்தில் தீவுக்குள் புகையிரதம் செல்வதில்லை. வீதிப் பாலத்தினூடே பேருந்தில் சென்றார்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலமும், அதனருகே திறப்புவிழாவுக்குக் காத்திருந்த புதிய பாலமும் கடலின்மீது அருகருகே நின்றன. புதியது சில நாட்களின் பின் சித்திரை 6ஆந் திகதி திறக்கப்பட்டது. அம்மா அவற்றைப் பார்க்கவில்லை என்று அப்பா சொன்னார். பேருந்து மண்டபத்தைத் தாண்டியது முதல் அவர் கைகளை மடியிற் கோத்தபடி குனிந்தே இருந்தாராம். 1990இல் தீவிலிருந்து முகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டது அந்த வீதிப் பாலத்தின் வழியேதான்.

மறுநாள் அதிகாலை தீர்த்தமாடி முடிந்ததும் அம்மா கேட்டார்: “இஞ்சாருங்கோ, ஒருக்கா மண்டபத்திலை இறங்குவமோ?”

“ஓய்வெடுக்க வந்தனாங்கள். அதை ஏன் கிளறுறீர்?” என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, “சரி, போவம்” என்றார்.

முகாமினுள்ளே வெளியார் நினைத்தபடி செல்ல இயலாது. பிரித்தானியர் காலத்தில் எங்கள் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புமுன் தடுத்துவைத்த இடம் அது. பின்னர் எங்களவரைத் தங்கவைத்த இடமும் ஆயிற்று. 2021 முதல் இத்தகைய முகாம்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. அம்மாவுடன் ஒரே வள்ளத்தில் வந்த சில குடும்பங்கள் ஊர் திரும்பவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழகத்து முகாம்களில் வாழ்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் வீதியின் மறுபக்கத்துத் தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்தார்கள். அங்கே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள்.

அங்கு பேசியவற்றுள் அப்பா எனக்குச் சொன்னது சிறு பகுதியே. அம்மா அந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவர் என்பது எமக்குத் தெரியும். முகாமிலே மரத்தின் கீழ்ச் சிறு பிள்ளைகளை இருத்தி அவர் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பதும், ஆசிரியராக வேண்டும் என்னும் ஆசை அங்கேதான் பிறந்தது என்பதும் தெரியா. அக்கா நியமனம் பெற்ற நாளில்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அன்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவும் ஒன்று சொன்னார். தாம் களஞ்சியத்திற் கணக்கெழுதும் வேலை பார்ப்பதாகக் கடிதங்களில் எழுதியது பொய். பதினொரு ஆண்டும் எழும்பும் கட்டடங்களின்மீது நின்று கம்பி கட்டியதே உண்மை. அம்மா சிறிதும் வியப்படையவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். முதல் லீவிலை வரேக்கை உங்கடை கையைப் பாத்தனான்” என்றார்.

பதினொரு ஆண்டுகள் அவர் பொய் எழுதினார். இவர் அதனை நம்பியதாக மறுமொழி எழுதினார். ஒருவரையொருவர் வருத்தாதிருப்பதற்காக இருவரும் பேணிய அப்பொய்யைக் கைவிடுவதற்கு எங்கள் வீட்டில் நேரமும் இடமும் இருந்ததில்லை. விறாந்தையில் நாங்கள் படித்துக்கொண்டிருப்போம். அறையில் அப்பாச்சி இருமுவார். படலையில் எவரேனும் கூப்பிடுவார்.

கப்பல் திரும்பிய நாளில் அக்கா அந்த நிரலைக் கேட்டு வாங்கினாள். பத்தில் நான்கு கோயில்களுக்கே சென்றிருந்தார்கள். “இவ்வளவு செலவழிச்சு ஆறு கோயில் விட்டிட்டியள்” என்று அவள் மனம் நொந்தாள். எனக்கும் முதலில் அவ்வாறே இருந்தது. இரவு அம்மாவின் கொப்பியைப் புரட்டினேன். நாகபட்டினத்தில் இட்டலி, பேருந்துக் கட்டணம், அருச்சனை, அக்காவுக்குச் சேலை, எனக்கு இரண்டு புத்தகங்கள் யாவும் ரூபாக் கணக்கில் இருந்தன. ஐந்தாம் நாட் பக்கத்தில் மட்டும் தொகை குறிக்கப்படவில்லை. ‘மண்டபம். தேத்தண்ணி, நாலு. அவர் குடுத்தவர்’ என்று எழுதியிருந்தது.

பெற்றோருக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிய நாங்கள் அவர்களுக்கு இன்னொரு கடமையையே வகுத்துக் கொடுத்திருந்தோம். அவர்கள் அதைக் கைவிட்டு, வெறுமனே அமர்ந்திருப்பதற்கான நேரத்தைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். உழைப்பையும் தியாகத்தையும் போற்றப் பழகிய எமக்கு, நாம் நேசிக்கும் இருவர் ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் எதுவும் செய்யாது இருப்பதன் பெறுமதி எளிதில் விளங்குவதில்லை. பிரிவைப் பாடிய அளவுக்கு, மீண்டு வந்தோர் ஆறியிருந்து பேசிக்கொள்வதை நாம் எழுதியதும் இல்லை.

இப்போது மாலை வேளைகளில் அப்பா ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு விறாந்தை வாங்கில் வந்து அமர்கிறார். அம்மா இரண்டு பேணிகளில் தேநீர் கொண்டுவருகிறார். விடுமுறைக்கு வீடு செல்லும் நாட்களில் அந்நேரம் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவேன். அடுத்த பயணத்துக்கு எந்த ஊர் என்று அக்கா கேட்டிருக்கிறாள். தாள் ஒன்றும் தரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.