கேப்பு அழுத்தும் கருவி

நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயன். துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் சிறு வயதில் தீபாவளிக்கு வாங்கிய தகரத் துப்பாக்கியோடும் பொட்டுக் கேப்போடும் முடிந்து போயிற்று என்றுதான் நாற்பத்தைந்து வயது வரை எண்ணியிருந்தேன். 2023-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் அந்த எண்ணம் பொய்யாயிற்று.

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில் என் தங்கை குடித்தனம் செய்கிறாள். அவளுடைய அடுத்த வீட்டில் ஒரு கிழவர். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மாகாணத்தில் மான் வேட்டை என்பது நம்மூர்த் தேர்த் திருவிழா மாதிரி. நவம்பர் மாதக் கடைசியில் வேட்டைப் பருவம் தொடங்கும்போது பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுகிறார்கள். உபாத்தியாயன் என்ற முறையில் இதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட பொறாமையை மறைப்பானேன்?

கிழவர் தம் தோட்டாக்களைத் தாமே தயாரித்துக் கொள்பவர். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியிலுள்ள செத்த கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, புதுக் கேப்பு, மருந்து, குண்டு என்று வரிசையாக ஏற்றுவார். நம் தேசத்தில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி ஒரு தோட்டா வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். அங்கேயோ அது தையல் வேலை போல ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்கர்களுக்கு வாய்த்ததிலும் ஒரு வேடிக்கை உண்டு. கேப்புகளில் இரண்டு ஜாதி. ஒன்று பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. மற்றொன்று பெர்டன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. இரண்டுக்கும் 1866-லேயே காப்புரிமை. பெர்டன் முறையில், கேப்பின் மருந்து எதன்மேல் நசுங்கவேண்டுமோ அந்தச் சிறு பட்டடை கூட்டின் அடியிலேயே இருக்கிறது. தீ போகும் துவாரங்கள் அதன் இரு பக்கமும். பாக்ஸர் முறையில் பட்டடை கேப்புக்குள்ளேயே இருப்பதால், கூட்டின் நடுவில் ஒரே துவாரம் போதும். அதன் வழியே ஊசியை விட்டால் செத்த கேப்பு சுலபமாக விழுந்துவிடும். ஆங்கிலேயருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கருடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. அக்கரைப் பச்சை என்பது துப்பாக்கி விஷயத்திலும் உண்மைதான் போலும்!

நான் போன சமயம் கிழவர் உற்சாகமாக இல்லை. முந்தைய பருவத்தில், நல்ல மான் ஒன்று எதிரே நிற்க, விசையை இழுத்திருக்கிறார். 'டக்' என்று ஊசி அடித்த சத்தம் மட்டும் கேட்டது. அப்படி நேர்ந்தால் துப்பாக்கியை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார், மான் காத்திருக்கவில்லை. அதன் பின் இன்னும் இரண்டு தோட்டாக்கள் அப்படியே மோசம் செய்தன.

"என் மட்டில் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் வாத்தியாரே, இந்த வருஷம் பேத்திக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. முதன்முதலாக என்னோடு காட்டுக்கு வரப்போகிறாள். அவள் கையில் நான் செய்த தோட்டாவைக் கொடுப்பதா, கடைத் தோட்டாவை வாங்கிக் கொடுப்பதா?" என்றார்.

குற்றம் கேப்பு அழுத்தும் கருவியில் என்பது அவருடைய கட்சி. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி அது. கூட்டை மேலே செருகிக் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால், கீழிருந்து கேப்பு ஏறி உட்காரும். பெரிய ரைபிள் கேப்பின் குறுக்களவு 0.210 அங்குலம். அது பள்ளத்தின் அடியைத் தொட்டு உட்கார்ந்து, கூட்டின் அடிப்பரப்புக்கு ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். தூக்கலாக நின்றால், ஊசியின் அடி கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், மருந்து தீப்பற்றாது. சில வகைத் துப்பாக்கிகளில், விசையைத் தொடுமுன்பே வெடித்துவிடும் அபாயமும் உண்டு. மருந்தும் குண்டும் ஏற்றிய பிறகு, தூக்கலாய் நிற்கும் கேப்பை மறுபடி அழுத்துவது பைத்தியக்காரத்தனம்.

ஒரு மாலை, அவருடைய மேஜையருகே உட்கார்ந்து பரீட்சை நடத்தினேன். பரீட்சை நடத்துவது எனக்குப் பழகிய தொழில் அல்லவா? கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வெறுங்கூடுகளில் அவர் பத்துக் கேப்பு, நான் பத்துக் கேப்பு அழுத்தினோம். பிறகு எஃகு அடிக்கோல் ஒன்றின் விளிம்பை ஒவ்வொரு கூட்டின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். என் பத்திலும் கோல் படிந்து நின்றது. அவர் பத்தில் இரண்டில் ஆடிற்று. அந்த இரண்டையும் அவர் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "சரியாகத்தானே இருக்கிறது?" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கருவியில் குற்றமில்லை. வாதம் கண்ட கட்டைவிரலில் பலம் குறைந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விரல் நுனியும் மரத்துப் போயிருந்தது. ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் நாற்பது வருஷம் இரும்பைக் கடைந்த கை அது.

எங்கள் அம்மாவின் நினைவு வந்தது. இடியாப்ப நாழியை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிவாள். ஒரு நாள் முதல் வீட்டில் இடியாப்பம் நின்று போயிற்று. "யாருக்கும் பிடிக்கிறதில்லையே" என்று காரணம் சொன்னாள். மணிக்கட்டு வலி என்பது எங்களுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. கைப்பிடியைத் திருகும் பித்தளை நாழி ஒன்று வாங்கி வந்தோம். முதலில் அதைத் தொடவே மாட்டேன் என்றாள்.

ஆகவே அடிக்கோலைக் கிழவர் கையிலேயே கொடுத்தேன். அவரே வைத்துப் பார்த்தார். கோல் ஆடிற்று. வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்குக் கடைக்குப் போவோம்" என்றார்.

கடைக்காரர் கேப்பு இல்லாமலே மூன்று கருவிகளை அழுத்திப் பார்க்க விட்டார். முதலாவது மேஜையில் முடுக்கும் நீண்ட நெம்புகோல். குழந்தைகூட அழுத்தலாம். நான் இதற்குத்தான் வாக்களித்தேன். கிழவர் தலையை ஆட்டினார்: "கதவைச் சாத்துவது போல் இருக்கிறது. கேப்பு அடியைத் தொட்டதும் கைக்குத் தெரிய வேண்டாமா?" இரண்டாவது, ஆழத்தைத் திருகி அளவு வைக்கும் நேர்த்தியான கருவி. விலை அதிகம், அதோடு ஒவ்வொரு கேப்பையும் விரலால் எடுத்து வைக்கவேண்டும். மரத்த விரலுக்கு அது நடவாத காரியம். மூன்றாவதில் ஒரு தட்டு இருந்தது. அதைக் குலுக்கினால் கேப்புகள் ஒரே முகமாகத் திரும்பிக்கொண்டு தாமே இறங்குகின்றன. அழுந்தும் கேப்புக்கும் தட்டிலுள்ளவற்றுக்கும் நடுவில் ஒரு சிறு கதவு. தவறி ஒன்று வெடித்தாலும் மற்றவை வெடிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. முக்கியமாக, கட்டைவிரலுக்கு வேலையில்லை. நான்கு விரல்களாலும் பிடியைச் சேர்த்து இறுக்கினால் போதும். கிழவர் நாலைந்து தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு அதையே வாங்கினார். என்னைக் கேட்டால் இன்னமும் மேஜைக் கருவிதான் உத்தமம் என்பேன், கேட்பாரில்லை.

நான் ஊர் திரும்புவதற்குள் இருபது கூடுகள் தயாராயின. கிழவர் அழுத்துவார், பேத்தி எஃகுக் கோலை வைத்துப் பார்த்து, "சரி, தாத்தா" என்பாள். இருபது முடிந்ததும் இருவரும் கைகழுவப் போவார்கள். கேப்பு மருந்தில் ஈயம் சேர்ந்திருப்பதால் அந்த மேஜையில் காப்பிக்கூட இடமில்லை.

டிசம்பரில் தங்கை டெலிபோனில் பேசினாள். "அண்ணா, அந்தப் பெண் சுட்டாளாம்" என்றாள்.

"வெடித்ததா?" என்றேன்.

"நன்றாக வெடித்ததாம். மான்தான் ஓடிவிட்டதாம்."

பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, "நல்ல வேளை, அது பிழைத்தது" என்று சொல்லிவிட்டுப் பித்தளை நாழியை எடுத்துவரச் சொன்னாள்.