பூலாவ் டூயோங்: வரைபடம் இல்லாத படகுகளின் தீவு

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டில் அடைந்து கிடந்தபோது, மகனுக்கு ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்தேன். உள்ளே ஸ்பெயினில் தயாரான மரப்படகு மாதிரி. மத்தியதரைக் கடலில் முக்கோணப் பாய் கட்டி மீன் பிடித்த பழைய படகின் சிறு வடிவம். எண் குறித்த விலாச்சட்டங்கள், மெல்லிய மரப்பட்டிகள், நூல், பாய்த்துணி, மேசை அகலத்துக்கு ஒரு வரைபடம்.

அடிமரத்தில் விலாச்சட்டங்களை வரிசையாக நிறுத்த வேண்டும். பிறகு பட்டிகளை நீரில் ஊறவைத்து, வளைத்து, மேலே ஒட்ட வேண்டும். நாங்கள் நான்காவது சட்டத்தையும் ஐந்தாவதையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டோம். படகின் வயிறு ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அதை அலமாரியில் வைத்தபோது மகன் கேட்டான்: "அப்பா, நம்ம நாட்டுப் படகு இப்படிப் பெட்டியில கிடைக்காதா?"

தேடினேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எல்லைகள் திறந்த பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு கோலத் திரெங்கானுவுக்குக் கிளம்பினோம். தலைநகரிலிருந்து கிழக்குக்கரை நெடுஞ்சாலை வழியே ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

முதலில் லோசோங்கில் உள்ள மாநில அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் பழைய மரக்கப்பல்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மகனுக்குப் பிடித்தது மீன்பிடிப் படகுகளின் 'பாங்காவ்'. இறக்கிய பாய்மரத்தையும் கழிகளையும் தாங்குவதற்காகப் படகில் பொருத்தும் மரச்செதுக்கு இது. கொக்கின் பெயர்தான் இதற்கும். பூவும் கொடியும் வண்ணமுமாக, சிலவற்றில் நிழற்கூத்துப் பாத்திரங்களின் சாயலும் தெரியும். கழியைத் தாங்க ஒரு கவட்டைக் கொம்பு போதும். ஆனாலும் இத்தனை அழகு செய்தார்கள்.

இந்தக் கரையில் பெரிய வலை வீசிய பாயாங் படகுகளுக்கு 'ஜூரு செலாம்' என்பவரே தலைவர். அவர் கடலில் இறங்கி, தலையை நீருக்குள் அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் ஒலியைக் காதால் கேட்டுச் சொன்ன பிறகே வலை இறங்கும்.

மறுநாள் காலை பூலாவ் டூயோங். திரெங்கானு ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கும் தீவு. இப்போது சுல்தான் மாமுட் பாலத்தின் வழியாகக் காரிலேயே போகலாம். டூயோங் என்றால் கடற்பசு. தமிழக மீனவர்கள் ஆவுளியா என்பது இதைத்தான். ஒரு காலத்தில் இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு உளிச்சத்தம் கேட்குமாம். நாங்கள் போன அன்று ஒரு கொட்டகையில் மட்டும்தான் கேட்டது.

உள்ளே ஒரு பெரியவர், இரண்டடி நீளப் படகு ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். இளமையில் பெரிய படகுகள் கட்டியவர். கைத்தொலைபேசியில் எங்கள் கோணல் படகின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எலும்பை முதலில் நட்டால் இப்படித்தான். நாங்கள் கட்டும் காப்பாலில் பலகைதான் முதலில். விலா எல்லாம் பிறகு."

'காப்பால்' நம் 'கப்பல்' மலாய்க்குப் போன வடிவம் என்று சொன்னேன். "அப்படியானால் பாதி வேலை உங்களுடையது" என்றார்.

பிறகு விளக்கினார். செங்கால் மரப்பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். பலகையின் விளிம்பில் துளையிட்டு, கடின மரத்தாலான முளைகளை இறக்கி, அதன்மேல் அடுத்த பலகையை அடித்துப் பொருத்துவார்கள். நடுவில் கெலாம் மரத்தின் பட்டை. சிங்கப்பூரின் கம்போங் கிளாமுக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். நீர் பட்டால் பட்டை உப்பி இடைவெளியை அடைத்துவிடும். ஓடு எழுந்த பிறகே உள்ளே விலாச்சட்டங்கள். காகிதத்தில் ஒரு கோடு கிடையாது. அளவெல்லாம் தலைமைத் தச்சரின் கண்ணில்.

"இந்தச் சின்னப் படகிலும் முளையும் பட்டையும் உண்டா, பாக் சிக்?"

சற்று நேரம் பதில் வரவில்லை. "இல்லை. இவ்வளவு மெல்லிய பலகையில் துளை போட்டால் பிளந்துவிடும். பசைதான். இதில் நான் செய்வது உருவம் மட்டும்."

அது எனக்கு உறைத்தது. பாயின் இடத்தை இயந்திரமும், மரத்தின் இடத்தைக் கண்ணாடி இழையும் எடுத்துக்கொண்டன. செங்கால் மரமும் அரிதாகி விலை ஏறிவிட்டது. படகுகள் போனாலும் மாதிரிகள் மிஞ்சும் என்று நினைத்துத்தான் வந்தேன். மிஞ்சுவது தோற்றம். வேலை மிஞ்ச வேண்டுமானால், பெரிய பலகையில் அடிக்கும் ஒருவரும் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவரும் வேண்டும். பெரியவரின் பிள்ளைகள் யாரும் இத்தொழிலில் இல்லை.

மகன் தன் பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்தான். அந்த மாதிரியை அளந்து வரையலாமா என்று கேட்டான். பெரியவர் தலையசைத்தார். ஒரு மணி நேரம் அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான். முடித்துக் காட்டியதும், அவர் பென்சிலை வாங்கி முன்பக்கக் கோட்டை மட்டும் அழித்து, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் மேலே தூக்கி வரைந்தார்.

"இங்கே மூக்கு இன்னும் நிமிர வேண்டும். இல்லாவிட்டால் அலை உள்ளே வரும்."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம், தவிர்ப்பது நல்லது. வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. பட்டறை பார்க்க மற்ற நாள்களில் செல்லுங்கள். தீவிலேயே கோத்தா லாமா டூயோங் என்ற பழைய மாளிகையும் இருக்கிறது. திரும்பும் வழியில் லோசோங்கில் சுடச்சுடக் கெரோப்போக் லெக்கோர் சாப்பிட மறக்க வேண்டாம்.

அந்தப் பெரியவரின் படகை விலைக்கு வாங்கி வந்தோம். ஸ்பெயின் படகுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நோட்டை மகன் யாருக்கும் தருவதில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளில் ஊசியால் துளை போட்டு, பல்குச்சிகளை முளையாக இறக்கிப் பார்க்கிறான். இதுவரை எல்லாம் பிளந்துவிட்டன. போன வாரம் கொஞ்சம் தடித்த பலகை வேண்டும் என்று கேட்டான். வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.