தனிக்கொட்டடி: சில குறிப்புகள்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பஸ் மாறினால் கடலூர். கேப்பர் மலை மத்தியச் சிறை, 1865இல் வந்தது. சாராய வழக்கில் உள்ளே இருப்பவரை மனு போட்டுப் பார்க்க ஒரு நாள் கூலி போகும். குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், என்றால் ஓராண்டு வரை உள்ளே. போகப்போக வீட்டாரின் வரத்து குறையும்.

*

மனு பார்க்க யாரும் வராதவனுக்கும் பேச்சுத்துணைக்குப் பக்கத்துப் பாயில் ஆள் உண்டு. தனிக்கொட்டடியில் அதுவும் இல்லை.

ஸ்டூவர்ட் கிராசியன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவின் வால்போல் சிறையில் 14 கைதிகளிடம் பேசி, 1983இல் எழுதினார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமே தாங்க முடியவில்லை என்றார்கள். இல்லாத முணுமுணுப்பு காதில் கேட்டது. எதிலும் மனம் நிற்கவில்லை. திடீர் திடீரென்று பீதி. அடியின் தழும்பை நீதிபதியிடம் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது?

*

பழைய தண்டனைச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12. தனிமைச் சிறை மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது. ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 15 நாளில் கோடு போடுகின்றன. ஆனால் இந்தத் தண்டனையை நீதிமன்றம் விதிப்பதே அபூர்வம். கதவைச் சாத்துவது பெரும்பாலும் சிறை நிர்வாகம். ‘பாதுகாப்பு’ என்று எழுதினால் போதும். 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்வளவு கோபமாக எழுதியதும் இதைப் பற்றித்தான்.

வேலூர், 2024: சிறைத்துறை அதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஆயுள் கைதி ஒருவரை, பணம் திருடியதாகச் சொல்லி அடித்து, 95 நாள் தனியறையில் அடைத்ததாகப் புகார். அவருடைய தாய் உயர் நீதிமன்றம் போனார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. தாய் போகாதிருந்தால்?

*

செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களில் எங்கள் மலையின் மலையாளிப் பழங்குடியினரும் உண்டு. 2013இல் சேஷாசலத்தில் வனத்துறையினர் கொல்லப்பட்ட வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அடைபட்டு, 2016இல்தான் விடுதலையானார்கள். இதைத் தனிமைச் சிறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்டர் பேசும் தெலுங்கும் புரியாது, கோர்ட்டில் பேசுவதும் புரியாது.

*

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), 103ஆம் பிரிவு: சிறைக்குள் மனநல சிகிச்சை. சரி. வெளியே வந்தவருக்கு? கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூக்கம் வரவில்லை, கூட்டத்தைக் கண்டால் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து அங்கே யார் இறங்கி வருவார்?